யாரும் தூக்காமல் கடல் வரைக்கும்

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் நிற்பார், இரண்டு அடி வைப்பார், மற்றபடி வீல்சேர்தான். "ஒரு தடவை மெரினாவுக்குப் போய்க் கடல் பாக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கூட்டிப்போக முடியுமா, அங்கே வசதி எப்படி, அல்லது பக்கத்தில் இருக்கும் பூங்காவோடு நிறுத்திக்கொள்வதா, ஒரு பூங்காவில் வசதி இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது. இதுதான் கேள்வி.

முடியும். கூட்டிப்போங்கள். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு தடவையோடு நிற்காது.

நான் 14 வருடமாக வீல்சேரில் இருப்பவன். நடுவில் சில வருடம் பொது இடங்களை டேப்பும் கையுமாக அளந்து, எங்கே என்ன குறை என்று எழுதிக்கொடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். படிவத்தில் நூற்றுக்கணக்கான கேள்விகள் இருக்கும். எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான்: வீட்டு வாசலில் கிளம்பித் திரும்பி வந்து சேரும்வரை என்னை எத்தனை தடவை தூக்க வேண்டியிருந்தது? பூஜ்யம் என்றால் அந்த இடம் எனக்கானது. ஒன்று, இரண்டு என்றால் யோசிப்பேன். அதற்கு மேல் போனால் அங்கே நான் சுமை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பூங்காவுக்கோ கோயிலுக்கோ போன் போட்டு "வீல்சேர் உள்ள வருமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில், "அதெல்லாம் ஒண்ணும் கவலப்படாதீங்க, பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் அந்தப் பதிலோடு சண்டையும் போட முடிவதில்லை.

விபத்துக்குப் பிறகு நான் முதல் தடவை மெரினா போனது அப்படித்தான். அப்போது மணலில் பாதை எதுவும் கிடையாது. கடற்கரையின் உட்புறச் சாலையோடு நாற்காலி நின்றுவிடும். நண்பர்கள் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினார்கள். எதிரே வந்த சுண்டல்காரப் பையன் "சாமி வருது, வழி விடுங்க" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். அலை ஓரம் போய்ச் சேர்ந்தபோது நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. நான் கடலைப் பார்த்தது ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பவும் இவ்வளவு தூரம் தூக்க வேண்டுமே என்று அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு மறுநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் "வெயில்டா, அப்புறம் பாக்கலாம்" என்று பல வருடம் தட்டிக்கழித்தேன். உங்கள் அப்பாவும் ஒரு தடவை போய்வந்த பிறகு "போதும்மா" என்று சொன்னால், கடல் அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெரினாவில் மணல் ஏன் அவ்வளவு அகலம் என்று யோசித்திருக்கிறீர்களா? முன்பு கடல் இப்போதைய சாலைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருந்தது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884இல் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோது, கடல் பார்க்க இவ்வளவு மணலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகம் கொண்டுவந்து போட்ட மணல் இது என்று நினைத்துக்கொள்வேன். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்த மாதிரி இருக்கும்.

வீல்சேருக்கு மணலில் என்ன ஆகிறது என்றால், முன்னால் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும், உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் சரிவார். வேறு வழியே இல்லை என்றால் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரத்தில் நிறுத்திப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பத்து அடிக்கு இது சரி. முந்நூறு அடிக்கு ஆகாது.

அதற்காகத்தான் மரப்பாதை வந்தது. சும்மா வந்துவிடவில்லை. டிசபிலிட்டி ரைட்ஸ் அலையன்ஸ் போன்ற மாற்றுத்திறனாளி அமைப்புகள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தன. முதலில் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகமாகப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். வருடத்தில் அந்தச் சில நாள்தான் எங்களுக்குக் கடல் திறந்திருக்கும், மீதி நாளெல்லாம் மூடி. கடைசியில் மாநகராட்சி, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் நிரந்தரப் பாதை அமைத்தது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள்.

அடுத்த இரண்டாவது வாரமே, டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. பாதையின் கடலோரப் பகுதி பிய்ந்துபோனது. கேலியும் கிண்டலும் ஓடின. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலோரத்தில் கட்டியதைக் கடல் உடைக்கும், பிறகு சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். சரிசெய்தார்கள். இதில் உங்களுக்கு வேண்டிய தகவல் ஒன்று: இது மரம். உப்புக்காற்றில், மழையில், புயலில் தேயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் போவதானால், யாரையாவது முன்கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்பாவை வண்டியில் ஏற்றுங்கள்.

அந்தப் பாதையில் முதல் தடவை போனபோது என் காதில் விழுந்த சத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது. பலகைக்குப் பலகை சக்கரம் ஏறி இறங்கும் சின்ன 'தடக் தடக்'. தண்டவாள இணைப்பில் ரயில் போவது போல. இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் போகலாம். நான் யாரையும் தள்ளச் சொல்லவில்லை. நடுவில் நின்றேன், ஒரு குழந்தை பட்டம் விடுவதைப் பார்த்தேன், அப்புறம் போனேன். எனக்கு வேண்டிய இடத்தில் எனக்காக நிற்பது! அதற்கு முன் நாலு பேர் தூக்கிப் போனபோது நடுவில் நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். பாதை மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்டது என்றாலும் எல்லாரும் அதில்தான் நடக்கிறார்கள். மணலில் செருப்பு புதையாமல் போக யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதில் தவறில்லை. ஆனால் செல்பி எடுப்பவர்கள் கைப்பிடியில் சாய்ந்து குறுக்கே நின்றுகொள்வார்கள். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், உடனே விலகிவிடுவார்கள். காற்றடித்த நாளில் பலகை மேல் மணல் படிந்திருக்கும். மெல்லிய படலம் என்றால் வழுக்கும், குவியல் என்றால் முன்சக்கரம் சிக்கும். ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். காணும் பொங்கல் அன்று மெரினாப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இன்னொன்று. பாதை முடியும் இடத்திலேயே அலை வந்து காலை நனைக்காது. பாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே மணல் கிடக்கும். எவ்வளவு என்பது அன்றைய கடலின் இஷ்டம். அகலமான, காற்றடைத்த பெரிய சக்கரங்கள் கொண்ட கடற்கரை நாற்காலிகள் மணலில் புதையாமல் உருளும். சில நேரம் மெரினாவில் அவை கிடைக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நம்பி அப்பாவிடம் "தண்ணியில கால வைக்கலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதையின் முனையில் நின்று பார்த்தாலே கடல் கண் நிறைய இருக்கும், காற்று முகத்தில் அடிக்கும்.

நேரத்தைப் பற்றி: கிழக்குப் பார்த்த கடற்கரை என்பதால் காலையில் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். சூரிய உதயம் பார்க்கும் ஆசை இருந்தால் ஐந்தரைக்குள் வந்து ஏழுக்குள் கிளம்பிவிட வேண்டும், காஞ்சிபுரத்திலிருந்து அது பெரிய பாடு. நான் மாலையைத்தான் சொல்வேன். வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், கடல் நீலமாகத் தெளிவாகத் தெரியும், நாலரைக்கு மேல் கடல்காற்று நன்றாக வரும். வாரநாளில் பௌர்ணமி வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். அன்று சூரியன் பின்னால் இறங்கும் நேரத்திலேயே நிலா முன்னால் கடலுக்குள்ளிருந்து ஏறும், முதலில் பித்தளைத் தாம்பாளம் மாதிரி மங்கலாக. பாதையின் முனையில் உட்கார்ந்தால் நடுவில் ஒரு தலைகூட மறைக்காது.

வண்டி விஷயம். காஞ்சிபுரத்திலிருந்து கார்தான் வசதி. உட்புறச் சாலை வரைக்கும் கார் போகும், பாதையின் தொடக்கம் பக்கத்திலேயே. வண்டியில் ஏற்றி இறக்குவதில்தான் பாதிக் குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. அப்பாவுக்கு வலது பக்கம் பலமில்லை என்கிறீர்கள். அப்படியானால் எங்கே மாறி உட்கார வேண்டுமோ அந்த இடம் அவருடைய இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். காரில் ஏறும்போது இருக்கை இடப்பக்கம் வர வேண்டும், இறங்கும்போது நாற்காலி இடப்பக்கம் வர வேண்டும். வண்டி பார்த்த திசையில் நாற்காலியையும் நிறுத்தினால் ஒரே கதவில் இரண்டும் அமையாது, ஒன்று சுலபமாகவும் மற்றது கஷ்டமாகவும்தான் இருக்கும். பிஸியோதெரபிஸ்டிடம் காட்டி, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே இரண்டு மூன்று தடவை பழகிப் பாருங்கள். போகிற காரும் அதே உயரமா என்று கவனியுங்கள். வாடகைக்கு எடுத்தால் உயரமான வண்டி வேண்டாம். அப்பாவின் முழங்கால் உயரத்துக்கு இருக்கை இருந்தால் நல்லது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வலது கையைப் பாருங்கள். உணர்வு குறைவான கை தானாக நழுவிச் சக்கரத்துக்குள் போய்விடும், அவருக்குத் தெரியவே தெரியாது. மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் கையை வையுங்கள். வலது பாதமும் அப்படித்தான், கால்பலகையிலிருந்து வழுகித் தரையில் உரசும். ஒரு துண்டை மடித்துக் கணுக்காலுக்குப் பின்னால் குறுக்கே கட்டிவிட்டால் போதும். இறக்கம் செங்குத்தாக இருந்தால் நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி இறக்குங்கள். முகம் முன்னால் பார்க்க இறக்கினால் அவர் சரிந்துவிடுவார்.

மெட்ரோவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். நிலையங்களில் லிப்ட் உண்டு, பெட்டியும் மேடையும் ஒரே மட்டம், எனக்குப் பூஜ்யம் தூக்கல். மெரினாவுக்குப் பக்கமான நிலையம் அரசினர் தோட்டம். ஆனால் அங்கிருந்து விவேகானந்தர் இல்லத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், ஆட்டோ என்றால் தூக்கல் கணக்கு திரும்ப ஆரம்பித்துவிடும். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வந்தன. கதவருகே மடித்து வைத்த பலகையை நடத்துநர் விரித்துவிட்டால் நேராக உள்ளே போகலாம். அதற்குப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்க வேண்டும், நிறுத்தத்தில் பைக் நிற்கக் கூடாது. உங்களுக்கு இந்தத் தடவை இதெல்லாம் வேண்டாம், காரிலேயே வாருங்கள்.

இப்போது கழிப்பறை. வெட்கப்படாமல் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது கழிப்பறைதான். பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு மூத்திரம் வந்தால் அடக்க நேரமிருக்காது. பலர் அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். வெயிலில் அது ஆபத்து. யூரின் பாட்டில் ஒன்று, ஒரு பெரிய துண்டு, மாற்று வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். காரின் பின்சீட்டில் துண்டை மறைப்பாகப் பிடித்தால் வேலை முடிந்துவிடும். கடற்கரைக்கு எதிரே காமராஜர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வளாகத்தில், மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. 2022இல் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கையால் பயன்படுத்தும் சமையல் சாமான், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற உதவும் பலகை இப்படி நேரில் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். எந்த நாட்களில் திறந்திருக்கும் என்று முன்பே விசாரித்துக்கொண்டு, முதலில் அங்கே போய்விட்டு மாலையில் மணலுக்கு வாருங்கள். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

சரி, தினமும் மெரினா வர முடியாது. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு எப்படி மார்க் போடுவது? அப்பாவைக் கூட்டிப்போகும் முன் நீங்கள் மட்டும் ஒரு தடவை போங்கள். கையில் செல்போனும் டேப்பும் போதும்.

வாசலில் தொடங்குங்கள். பைக் உள்ளே வரக் கூடாது என்று வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்போ, சுற்றும் கதவோ, நெருக்கமான கம்பங்களோ போட்டிருப்பார்கள். சாதாரண வீல்சேர் 65, 70 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். தள்ளுபவரின் கை விரல் தேயாமல் போக 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். "பெரிய கேட்டைத் திறந்துவிடுவோம்" என்பார்கள். என் பேட்டையில் ஒரு பூங்காவில் அப்படித்தான் சொன்னார்கள். நான் போன நாளில் கேட்டில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில். டீக்கடை எது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பிக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து உள்ளே பூத்திருந்த செம்பருத்தியை எண்ணிக்கொண்டிருந்தேன். படிவத்தில் அந்தப் பூங்காவுக்கு 'சாய்தளம் உண்டு' என்று டிக் விழுந்திருந்தது. இருந்தது உண்மைதான், கேட்டுக்கு உள்ளே.

சாய்தளத்துக்கு வருவோம். விதி 1:12. அதாவது ஒரு அடி ஏற வேண்டுமென்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அரையடிப் படி என்றால் ஆறடி நீளம். அளக்க உங்களுக்குப் பொறியாளர் வேண்டாம். செல்போனில் ரசமட்டம் பார்க்கும் வசதி இருக்கும், போனைச் சாய்தளத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். 1:12 என்பது 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 5க்குள் என்றால் நீங்கள் தனியாகத் தள்ளிவிடலாம். 7, 8 காட்டினால் மூச்சு வாங்கும், இறக்கத்தில் பயம். 12, 15 காட்டும் சாய்தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பைக் ஏற்றுவதற்குக் கட்டியவை, மேலே ஒட்டிய நீலப் படம் மட்டும்தான் எங்களுக்கு. சாய்தளம் முடியும் இடத்தில் நாற்காலி திரும்ப ஐந்தடிச் சமதளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடைபாதையில் பேவர் பிளாக் போட்டிருப்பார்கள். மரவேர் தூக்கிய இடத்தில் கல் எழும்பி நிற்கும். ஒரு சென்டிமீட்டர் எழும்பினாலும் முன்சக்கரம் இடித்து நின்றுவிடும், உட்கார்ந்தவர் முன்னால் பாய்வார். இப்போது எல்லாப் பூங்காவிலும் எட்டு வடிவ நடைபாதை ஒரு பைத்தியமாகிவிட்டது, அதிலும் கூழாங்கல் பதித்து. அது நமக்கு இல்லை, விட்டுவிடுங்கள். சுற்றுப்பாதை ஒரு முழு வட்டமாக வருகிறதா, நடுவில் படி வந்து முட்டுகிறதா என்பதுதான் முக்கியம். பாதி தூரம் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் முட்டித் திரும்பி வருவது போல எரிச்சல் வேறில்லை.

கழிப்பறைக் கதவைத் திறந்தே பாருங்கள். வீல்சேர் படம் போட்ட கதவு பூட்டியிருக்கும், திறந்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் நிற்கும். இது ஒரு பூங்காவின் கதை அல்ல. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உறுதியாக இருக்கிறதா என்று உங்கள் எடையைப் போட்டு இழுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு இடது கைப் பக்கம் கம்பி இருந்தால்தான் பயன்.

எல்லாவற்றையும் விட நான் ஆசையாகப் பார்ப்பது பெஞ்சைத்தான். யாரும் இதை எழுதுவதில்லை. பெஞ்சின் பக்கவாட்டில், பாதையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு வீல்சேர் நிற்கும் அளவு சிமென்ட் தளம் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால் அந்தப் பூங்காவைக் கட்டியவருக்கு விஷயம் தெரியும். இல்லையென்றால் நீங்கள் பெஞ்சில், அப்பா பாதை நடுவில், நடப்பவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வழியெல்லாம் நீங்கள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பாதி கேட்காது, உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. பக்கவாதத்தில் பேச்சு குழறியிருந்தால் முகம் பார்க்காமல் பேசவே முடியாது. தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும். அதற்குத்தானே பூங்காவுக்குப் போகிறோம்?

வீல்சேர் மட்டுமே ஊனமில்லை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத நண்பர் ஒருவரோடு பூங்காவுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது, தலை உயரத்தில் தாழ்ந்து நிற்கும் கிளை எவ்வளவு மோசமானது என்று. கைத்தடி தரையைத்தான் தேடும், கிளை நெற்றியில் அடிக்கும். தரையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகளில் கோடு போட்டது 'இப்படியே போ' என்று சொல்லும், புள்ளி போட்டது 'நில்' என்று சொல்லும். அழகுக்காகக் கலந்து பதித்துவைக்கும் இடங்களும் உண்டு. குழந்தைகளுக்கு என்றால் சாந்தோமில் மாநகராட்சியின் சிறப்புக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. உங்கள் கேள்வி அப்பாவைப் பற்றியது என்பதால் அதற்குள் போகவில்லை.

உங்கள் ஊர்ப் பூங்காவில் குறை இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயவு கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்று சொல்லும்போது பொழுதுபோக்குக்கான இடங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2017 ஜூனில் விதிகள் வந்தன, பழைய கட்டடங்களை மாற்றியமைக்க ஐந்து வருடம் கொடுத்தார்கள், அது 2022இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு விஷயத்தைத் தெளிவாக்கியது. அணுகல் வசதிக்கான விதியை வெறும் வழிகாட்டுதல் போல எழுதிவைத்தது சட்டத்துக்கு முரண், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அளவுகளைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவர வேண்டும் என்றது. வழக்குப் போட்டவர் பார்வை மாற்றுத்திறனாளி.

மனு எழுதும்போது 'வசதி இல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'மேற்கு வாசல் சாய்தளம் 11 டிகிரி, கம்பங்களுக்கு நடுவே 60 சென்டிமீட்டர், கழிப்பறை பூட்டியிருக்கிறது' என்று போட்டோவோடு எழுதுங்கள். எண் இருந்தால் கோப்பு நகரும். உங்கள் ஊர் என்றால் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆணையருக்கு ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒன்று. பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம், சட்டம் அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. சென்னையில் என்றால் 1913க்கு ஒரு போன். அந்தச் சாவிக் கதைக்குப் பிறகு நான் எழுதிய மனுவில் சாய்தளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கம்பிகளை அகற்றி 90 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், சாவி யாரிடமும் இருக்க வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். எட்டு மாதம் ஆனது. ஒரு கம்பியை அறுத்து எடுத்தார்கள்.

மெரினா போய்வந்த அன்று இரவே ஒரு வேலை இருக்கிறது. உப்பும் மணலும் முன்சக்கர அச்சில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வாரத்தில் கரகரக்கும், ஒரு மாதத்தில் திரும்பாது. நல்ல தண்ணீரில் துணியை நனைத்துச் சக்கரங்களையும் கம்பிகளையும் துடைத்து, காயவிட்டு, அச்சில் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அப்பாவின் கால் விரல் இடுக்கையும் பாருங்கள், உணர்வில்லாத காலில் மணல் உறுத்துவது அவருக்குத் தெரியாது.